பிடித்துக்கொள்பவர்

புதிய அறைக்குள் நுழைந்தால் அங்கே என்னென்ன இருக்கின்றன என்று மனத்துக்குள் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் வழக்கம். மயக்க மருந்துத் தொழில்நுட்பம் படிப்பவர்களுக்கு இதைப் பழக்கித்தான் வெளியே அனுப்புவார்கள். ஆக்சிஜன் குழாய், உறிஞ்சும் கருவி, சின்ன முகமூடி, பெரிய முகமூடி, இதயத் துடிப்பைக் காட்டும் திரை, அவசர மருந்துத் தட்டு. ஒன்று குறைந்தாலும் எனக்குக் கை ஓடாது.

தில்லியில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளும் அப்படித்தான் பார்த்தேன். ஒரு கட்டில். ஒரு சக்கர மேசை. சுவரில் சாயம் போன ஒட்டகச்சிவிங்கி. கதவுக்குப் பின்னால் ஒரு முக்காலி. நான் தேடியவற்றில் பெரும்பாலானவை இல்லை. மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த மூத்த நர்ஸிடம் கேட்டேன்.

"முதுகுல ஊசி போடறப்போ குழந்தைங்களுக்கு என்ன குடுப்பீங்க, சிஸ்டர்?"

அவர் துணியைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டிக் காட்டினார்.

"இதத்தான்" என்றார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அந்தப் பிரிவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. டாக்டர்களுக்கு அவர் சிஸ்டர். தாய்மாருக்கு சிஸ்டர்ஜி. பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக ஒரு பெயர் இருந்தது: பகட்னேவாலி ஆன்ட்டி. பிடித்து அமுக்குகிற ஆன்ட்டி. பீகாரிலிருந்து ரயிலேறி வரும் பிள்ளையும் அப்படித்தான் சொன்னது, மயூர் விஹாரிலிருந்து காரில் வரும் பிள்ளையும் அப்படித்தான் சொன்னது. யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியாது. புதிதாகச் சேரும் பிள்ளை இரண்டாம் முறை வரும்போதே அந்தப் பெயரோடு வந்துவிடும்.

ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து மூளைப் பக்கம் சரியாகப் போய்ச் சேராது. அதனால் முதுகெலும்புகளுக்கு நடுவே ஊசி நுழைத்து அங்கே மருந்து செலுத்துவார்கள். ஒரு முறையோடு முடிகிற காரியமில்லை. சிகிச்சை முடியும்வரை திரும்பத் திரும்ப வரும். பிள்ளை ஒருக்களித்துப் படுக்க வேண்டும், முழங்கால் நெஞ்சில் முட்ட வேண்டும், தலை குனிய வேண்டும், இறால் மாதிரி சுருள வேண்டும். அப்படியே அசையாமல் இருக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையிடம் அசையாதே என்று சொல்லிப் பயனில்லை. அங்கேதான் அவர் கைகள் வந்தன. ஒரு கை முழங்கால்களுக்குப் பின்னால் போகும், இன்னொன்று கழுத்துக்குப் பின்னால். தன் கன்னத்தைப் பிள்ளையின் காதருகே வைத்துக்கொள்வார். அப்புறம் பிள்ளையால் கத்தத்தான் முடியும்.

டாக்டர் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே அவர் சொல்ல ஆரம்பித்துவிடுவார். "ஹோ கயா, ஹோ கயா." தமிழ்ப் பிள்ளையாக இருந்தால், "முடிஞ்சு மக்களே, முடிஞ்சு. கரையாத." பிள்ளையை மக்களே என்பதும், அழாதே என்பதைக் கரையாதே என்பதும் அவருடைய ஊர் வழக்கம். எதுவும் முடிந்திருக்காது. தொடங்கியே இருக்காது. ஆனாலும் கடைசிவரை அந்தச் சொல் நிற்காது. கையும் தளராது. எத்தனை கத்தினாலும், கடித்தாலும், ஒரு முறை ஒரு பையன் அவர் மேலேயே சிறுநீர் கழித்தபோதும் தளரவில்லை. "பிடிச்சா பிடிச்சதுதான். பாதில விட்டா ஊசி ரெண்டாந்தடவ போவும், கேட்டியா?" என்பார். அது உண்மையும்கூட. அவர் பிடித்தால் ஊசி முதல் தடவையிலேயே சரியாக நுழையும். வேறு பிரிவுகளிலிருந்துகூட டாக்டர்கள் ஆளனுப்பி அவரை அழைத்துப் போவார்கள்.

"சிஸ்டர், உங்கள மாதிரி ஒரு மிஷின் செஞ்சு ஊர் ஊரா அனுப்பணும்" என்று இளம் டாக்டர் ஒருவர் ஒரு நாள் ஆங்கிலத்தில் சொன்னார். சிஸ்டரின் முகம் மலர்ந்துபோயிற்று. தேநீர் நேரத்தில் அதை எனக்குத் தமிழில் இன்னொரு முறை சொன்னார்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். படிப்பு முடிந்ததும் தில்லிக்கு ரயிலேறியவர். பாதி ஆயுளுக்கு மேல் இங்கேதான். நான் கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவள். என் தமிழ் அவருக்குத் தீராத வேடிக்கை.

"நீ பேசுது தமிழா பிள்ளே? இதுக்கு எனக்கு இந்தியே எளுப்பமா இருக்கு."

"மந்திர் மார்க்ல தமிழ் ஸ்கூல்லதான் சிஸ்டர் படிச்சேன்."

"அப்ப அந்த ஸ்கூல் வாத்தியார இஞ்ச கூட்டிட்டு வா. பிடிச்சு ஒரு ஊசி போடுவோம்."

இப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற ஒருவர் நடைவழியில் வந்தால் பிள்ளைகள் தாய்மாரின் துப்பட்டாவுக்குள் போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமைகளில் அவர் வாசல் பலூன்காரரிடம் பலூன் வாங்கி வருவார். பிள்ளைகளுக்குப் பலூன் வேண்டும்தான். ஆனால் வாங்க அம்மாவின் கைதான் நீளும். அவர் நகர்ந்த பிறகே பலூன் பிள்ளையிடம் போகும்.

ஒரு தாய் எப்போதோ சொல்லியிருக்கிறார், தன் மகள் வீட்டில் தேங்காய் எண்ணெய் வாசனை வந்தால் அழுகிறாள் என்று. பக்கத்து வீட்டில் யாரோ தலைக்குத் தேய்த்திருக்கிறார்கள். காதருகே கன்னம் வைத்துப் பிடிப்பவரின் தலைமுடி வாசனை பிள்ளையின் மூக்கிலேயே தங்கிவிட்டது. மறுநாளிலிருந்து அவர் தேங்காய் எண்ணெயை விட்டுவிட்டார். அவருடைய ஊர்க்காரர்கள் எதை விட்டாலும் அதை விடமாட்டார்கள். நான் சேர்ந்தபோது அவர் தலை காய்ந்து பறந்துகொண்டிருந்தது. காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எண்ணெய் மாறிய பிறகும் அந்தச் சிறுமி அவரிடம் வரவில்லை.

அவர் விரும்பியது ஒன்றே ஒன்றுதான். அதை ஒளிக்கவும் இல்லை. அடுத்த ஆண்டு பணி ஓய்வு. அதற்குள் ஒரு பிள்ளையாவது யாரும் சொல்லாமல், தானாக, தன்னிடம் வர வேண்டும். அந்தப் பிள்ளை யார் என்பதையும் தீர்மானித்து வைத்திருந்தார். பவித்ரா. ஏழு வயதிருக்கும். அம்மா விழுப்புரம் பக்கத்துக்காரர். தில்லியில் ஒரு குடிசைப் பகுதியில் இருந்துகொண்டு வீட்டு வேலைக்குப் போகிறவர். அந்தப் பிரிவில் தமிழ் பேசுகிற ஒரே பிள்ளை அப்போது அவள்தான்.

"நம்ம பிள்ளல்லா" என்பார் சிஸ்டர். "மத்தது வராட்டியும் இது வரும்."

பவித்ரா என்னிடம் பேசுவாள். துப்புரவுப் பணியாளரிடம் பேசுவாள். ஒட்டகச்சிவிங்கியிடமும் பேசுவாள். சிஸ்டர் வந்தால் மட்டும் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பாள். முதுகு தெரியக் கூடாது என்பது அவளுடைய கணக்கு.

"சிஸ்டர் நல்லவங்கதான் பாப்பா. கிட்ட போயி நமஸ்தே சொல்லு" என்று அம்மா தள்ளுவார்.

"நீ போ. நான் இங்கேர்ந்து சொல்றேன்."

"இந்தப் புள்ளைக்கு வாயப் பாரு சிஸ்டர்."

"இருக்கட்டும், இருக்கட்டும். அங்கண நின்னே சொல்லட்டும்" என்று சிஸ்டர் சிரிப்பார். பவித்ரா அங்கே நின்றும் சொல்லமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐ.என்.ஏ. சந்தையில் அவரைப் பார்த்தேன். சர்ச் முடிந்து மீன் வாங்க வந்திருந்தார். இருவரும் சேர்ந்து மெட்ரோ நிலையத்துக்கு நடந்தோம். நடைமேடையில் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்த பையனைச் சிஸ்டர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் ஆனவன். அடர்ந்த முடி, மீசை அரும்பப்போகிற வயது. அம்மாவும் அப்பாவும் ஓடி வந்து சிஸ்டரின் கைகளைப் பற்றிக்கொண்டார்கள். "பேட்டா, யாருன்னு தெரியுதா?" என்று இந்தியில் கேட்டார் அப்பா. பையன் மரியாதையாக நமஸ்தே சொன்னான். சிரிக்கக்கூடச் செய்தான். ஆனால் ஒரு கை தானாகப் பின்னால் போய் இடுப்புக்கு மேலே முதுகில் பதிந்துவிட்டது. ரயில் வரும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. அவனுக்கே அது தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ரயிலில் ஏறியதும் சிஸ்டர் மீன் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்ல உயரம் வச்சிட்டான், கேட்டியா?" என்றார்.

என்னை அந்தப் பிரிவுக்கு எடுத்ததே பிள்ளைகளைத் தூங்கவைத்து ஊசி போடுவதற்காகத்தான். கருவிகள் வந்து சேரவும், மயக்க மருந்து டாக்டரை வாரத்தில் சில நாட்கள் ஒதுக்கவும் பல மாதங்கள் ஆயின. எல்லாம் கூடிவந்தபோது சிஸ்டர் எதிர்த்தார்.

"காலையிலேர்ந்து பட்டினி போடணும்லா? இந்தப் பிள்ளையெல்லாம் குடிக்கிற மருந்துக்கே பசிச்சுச் சாவுதுவ. விடியக்காலத்துல ரயில்ல வந்து இறங்கினவ, மத்தியானம்வரைக்கும் பிள்ளைக்கு ஒரு ரொட்டி குடுக்க முடியாம உக்காந்திருக்கணுமா? நான் பிடிச்சா அஞ்சு நிமிசம். சாப்பிட்டுட்டு வரும், கரையும், போவும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. பசியும் ஒரு வலிதான். மயக்க மருந்து கொடுத்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும், பிறகு எழும்வரை காத்திருக்க வேண்டும், இடம் வேண்டும், ஆள் வேண்டும். அவருடைய இரண்டு கைகளுக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. நான் எதிர்வாதம் செய்யவில்லை. சின்னப் பிள்ளைகளை முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னேன். "அதச் செய்யி" என்றார்.

தூங்கவைத்து ஊசி போட்ட முதல் நாளில் பவித்ராவும் இருந்தாள். வழக்கம்போல நடைவழியிலிருந்தே அழுதுகொண்டு வந்தாள். பால் போல வெள்ளையாக ஒரு மருந்து; கையிலிருந்த குழாய் வழியாக அது உள்ளே போனது. பாதி அழுகையில் வாய் திறந்தபடியே தூங்கிவிட்டாள்.

தூங்குகிற பிள்ளையையும் யாராவது வளைத்துப் படுக்கவைக்க வேண்டும். சிஸ்டர் வந்து தன் இடத்தில் நின்றார். கைகள் போக வேண்டிய இடங்களுக்குப் போயின. கன்னம் காதருகே போயிற்று. "முடிஞ்சு மக்களே, முடி..." என்று தொடங்கினார். பிறகு நிறுத்திவிட்டார். கேட்பதற்கு யாரும் இல்லை.

அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. திரையின் சத்தமும், கீழே சாலையில் யாரோ ஆட்டோக்காரரை இந்தியில் "பையா", அண்ணா, என்று கூப்பிடுவதும் கேட்டன.

"சிஸ்டர், கொஞ்சம் லூசா விடுங்க. தூங்குறா" என்றார் டாக்டர்.

"ம்" என்றார். கைகள் தளரவில்லை. டாக்டர் இன்னொரு முறை சொன்னார். சிஸ்டர் தளர்த்த முயல்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. முழங்கைக்குக் கீழே நரம்புகள் புடைத்து நின்றன. எப்படி விடுவது என்பது அந்தக் கைகளுக்குத் தெரியவில்லை. கடைசியில் நான்தான் பவித்ராவின் கழுத்துக்குப் பின்னால் என் கையைக் கொடுத்து மாற்றிக்கொண்டேன்.

விழித்ததும் பவித்ரா சுற்றிப் பார்த்தாள். "எப்ப போடுவாங்க?" என்று கேட்டாள்.

"போட்டாச்சுடி" என்றார் அம்மா.

"ஜூட்." பொய் என்கிறாள். அம்மா சிரித்தார், பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

தேநீர் நேரத்தில் சிஸ்டரைக் காணவில்லை. மாடிப்படி ஜன்னல் அருகே நின்றிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"பண்டு ஒரு தடவ பெரிய டாக்டர் எனக்கிட்டக் கேட்டாரு" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி. "நீ அப்ப ஸ்கூல்ல படிச்சிட்டிருப்ப. சிஸ்டர், பிள்ளைங்களுக்கு மயக்கம் குடுத்துச் செய்யலாமா, எழுதிக் கேக்கவாண்ணு கேட்டாரு. நாந்தான் சொன்னேன். எதுக்கு சார், நான் இருக்கேன்லா, அப்டீண்ணு."

ஜன்னல் திட்டிலிருந்த தூசியைத் துடைத்தார்.

"அவரு சரிண்ணு போயிட்டாரு. அப்புறம் யாரும் கேக்கல. எப்டிக் கேப்பாவ? ஒரு பிள்ளையும் அசையல்ல."

அந்த மயக்க மருந்து, பெரிய டாக்டர் கேட்ட காலத்திலும் ஒரு மாடி கீழே, அறுவை அரங்கின் அலமாரியில் இருந்தது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதைச் சொல்லாமல், "அப்போ கேட்டிருந்தாலும் கிடைச்சிருக்காது சிஸ்டர். டாக்டர் இல்ல, இடம் இல்ல" என்றேன்.

"கிடைச்சிருக்காது. ஆனா கேட்டிருக்கலாம்லா?"

என் பக்கம் திரும்பினார். "எத்தன பிள்ளையண்ணு எண்ணாத. நீ எண்ணுவ, எனக்குத் தெரியும்."

நான் எண்ணவில்லை. இன்றுவரை எண்ணவில்லை.

அதன் பிறகு அவர் பட்டினியைப் பற்றிப் பேசவே இல்லை. காலையில் முதல் ஆளாக வந்து, எந்தப் பிள்ளை எப்போது கடைசியாகச் சாப்பிட்டது என்று தாய்மாரிடம் கேட்டு, வரிசையைத் தானே மாற்றி அமைத்தார். இடையில் புகப் பார்த்த ஒரு பெரிய மனிதரை, "ஜல்தி இருந்தா நாளைக்கு வாங்க" என்று இந்தியில் திருப்பி அனுப்பினார். தூங்கும் பிள்ளைகளை அவர்தான் வளைத்துப் படுக்கவைத்தார். மெதுவாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். ஆனால் வேலை முடிந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து ஒரு முறை பார்ப்பார்.

பவித்ரா அழாமல் வர ஆரம்பித்தாள். ஆனாலும் சிஸ்டர் வந்தால் சுவர் தேடுவாள். ஊசி வலிக்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கைகளைப் பற்றி எதுவும் மாறவில்லை.

அந்தச் சமயத்தில் பிங்கி என்று ஒரு புதிய பிள்ளை வந்தாள். நான்கு வயது, மீரட் பக்கத்திலிருந்து. முதல் ஊசியே தூங்கிக்கொண்டுதான். சிஸ்டரின் கைகள் அவளுக்குத் தெரியாது. மூன்றாம் முறை வந்தபோது நடைவழியில் ஓடி வந்து, அவருடைய சட்டைப்பையில் கைவிட்டு மிட்டாய் இருக்கிறதா என்று துழாவினாள். சிஸ்டர் அப்படியே நின்றார். பிங்கி எடுத்துக்கொண்டு போன பிறகும் நின்றார். நான் மகிழ்ந்துபோய், "வந்துட்டா பாருங்க சிஸ்டர்" என்றேன்.

"இது வரும்" என்றார். "இதுக்கென்ன தெரியும்? எல்லாம் இப்பிடி வந்திருக்கும்."

அவர் ஓய்வு பெற்ற நாளில் விளையாட்டு அறையில் ஒரு சிறிய விழா வைத்தோம். கேக், மாலை, சால்வை. பெரிய டாக்டர் பேசினார். "இத்தனை ஆண்டுகளில் சிஸ்டரின் கையில் ஒரு பிள்ளையும் அசைந்ததில்லை" என்றார். எல்லோரும் கைதட்டினோம். சிஸ்டர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பிங்கி அவர் மடியில் ஏறிக் கேக்கைச் சால்வையில் தடவிக்கொண்டிருந்தாள். சிஸ்டரின் கைகள் நாற்காலியின் இரு பக்கங்களிலும் கிடந்தன. மடியிலிருந்த பிள்ளை நழுவி நழுவி விழப்பார்த்தும் அவர் அவளைப் பிடிக்கவில்லை. பிங்கியின் அம்மாதான் பிடித்து நிமிர்த்தினார்.

பவித்ராவின் அம்மா உள்ளே நின்றிருந்தார். பவித்ரா வாசலில் நின்றாள். சிகிச்சை முடிந்து பரிசோதனைக்கு மட்டும் வருகிறவள்; முடி வளர்ந்து கிளிப் குத்தியிருந்தாள். கண் கேக்கின் மேல் இருந்தது. நான் அருகில் போனேன்.

"அக்கா, அவங்க இன்னிக்கே போய்டுவாங்களா?"

"ஆமா. உள்ள வா."

"இல்ல. நான் வெளிய நிக்கிறேன். அவங்க போனதும் சொல்லுங்க, வரேன்."

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. வெறுப்பாகவும் சொல்லவில்லை. பேருந்து எப்போது வரும் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் சிலர்தான். அம்மா, "ஏய்" என்று ஓர் அடி முன்னால் வந்தார்.

"வேண்டாம், ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் சிஸ்டர்.

பிங்கியை மெல்ல நகர்த்தி இறக்கிவிட்டு எழுந்தார். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். டாக்டர்கள் அவர் எதற்காக எழுந்தார் என்று புரியாமல் பார்த்தார்கள். அறைக்கு இருந்தது ஒரே வாசல். அதில் பவித்ரா.

"மக்களே, நீ கொஞ்சம் அங்கண தள்ளி நில்லு. நான் போறேன். அப்புறம் நீ வந்து கேக் சாப்பிடு."

பவித்ரா நடைவழியின் எதிர்ச்சுவருக்குப் போய் முதுகை ஒட்டிக்கொண்டாள். சிஸ்டர் இந்தப் பக்கச் சுவரை ஒட்டி, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, அவளைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பவித்ரா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பாதி நடைவழி தாண்டியதும் உள்ளே ஓடி வந்துவிட்டாள்.

நான் சால்வையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். கூப்பிடவில்லை. மாடிப்படியில் திரும்பும்வரை அவர் கைகளை முன்னால் கொண்டுவரவில்லை.